உட்கார்ந்தால் போய்விடும் வலி

போன இதழின் கேள்வி-பதில் பகுதியில் ஒரு வாசகர், "முதுகுத்தண்டில் ஆபரேஷன் செய்தால் கால் விழுந்துவிடும் என்கிறார்களே, உண்மையா?" என்று கேட்டிருந்தார். அதே பயத்தில் ஒன்றரை வருஷத்தைக் கடத்தியவன் நான். அதனால்தான் எழுதுகிறேன்.

எனக்கு 61 வயது. திருவண்ணாமலைக்குப் பக்கத்தில் இரண்டரை ஏக்கர். மல்லாட்டை, கொஞ்சம் நெல், இரண்டு கறவை மாடு. நோய் முதலில் தெரிந்தது கிரிவலத்தில். 14 கிலோமீட்டரையும் ஊர்க்கதை பேசிக்கொண்டே சுற்றி வருகிறவன், ஒரு பௌர்ணமியில் எமலிங்கம் தாண்டியதும் கெண்டைக்கால் இரண்டும் கனத்து மரத்துப்போய், ஓரமாக உட்கார்ந்துவிட்டேன். ஐந்து நிமிஷத்தில் எல்லாம் சரியானது. எழுந்து நடந்தால், நிருதி லிங்கம் போவதற்குள் மறுபடியும் அதே கதை. சில மாதத்தில் அக்னி லிங்கத்தைத் தாண்டுவதே பெரும்பாடாகிவிட்டது.

வேடிக்கை என்னவென்றால், பால் கேனோடு சொசைட்டிக்கு சைக்கிளில் போனால் ஒன்றும் செய்யாது. குனிந்து களை எடுத்தாலும் காலில் வலி இல்லை. நிமிர்ந்து நடந்தால்தான் வரும். குனிந்தால் வலிக்காதது எப்படி முதுகு நோயாகும் என்று நானே முடிவு கட்டிக்கொண்டேன். எண்ணெய் தடவினேன். ஊசி போட்டுக்கொண்டேன். மாத்திரை தின்றே வயிற்றைக் கெடுத்துக்கொண்டேன்.

ஒருநாள் வரப்பில் நடந்து வரும்போது பின்னால் வந்த என் மனைவி, "ஏங்க, இடது கால் செருப்பு எங்கே?" என்றாள். இருபதடி பின்னால் கிடந்தது. கழன்று விழுந்தது எனக்குத் தெரியவே இல்லை. அன்றைக்குத்தான் பயம் வந்தது.

அரசு மருத்துவமனையில் ஒரு டாக்டரம்மா, "ஐயா, பீடி பிடிப்பீங்களா?" என்று கேட்டு, முதலில் பாதத்தில் நாடி பார்த்தார். காலுக்குப் போகும் ரத்தக்குழாய் அடைத்தாலும் நடக்கும்போது இப்படி வலிக்குமாம். ஆனால் அது சும்மா நின்றாலே அடங்கும். நரம்பு நெருக்கமாக இருந்தால் உட்கார வேண்டும், இல்லை குனிய வேண்டும். எம்.ஆர்.ஐ. ஸ்கேனில் தெரிந்தது: தண்டுவடத்துக்குக் கீழே நரம்புகள் இறங்கும் பாதை, எலும்பு வளர்ந்தும் தசைநார் தடித்தும் குறுகிவிட்டது. தூர் ஏறிய வாய்க்கால் மாதிரி. குனியும்போது அந்தப் பாதை கொஞ்சம் விரிகிறது. சைக்கிள் ரகசியம் அதுதான்.

பின்பக்க எலும்பில் ஒரு பகுதியை எடுத்து நரம்புக்கு இடம் விட வேண்டும் என்றார்கள். ஊரில் ஆளாளுக்குப் பயமுறுத்தினார்கள். டாக்டரம்மா மறைக்கவில்லை. சீழ் பிடிக்கலாம், நரம்பின் உறை கிழியலாம், அபூர்வமாக நரம்பே அடிபடலாம் என்றார். "ஆனா இப்பவே உங்க பாதம் பலம் குறையுதுங்கய்யா. விட்டா, அப்புறம் ஆபரேஷன் பண்ணினாலும் திரும்பாம போகலாம்." பக்கத்து வேலூர் சி.எம்.சி.யில் டாக்டர் ஜேக்கப் சாண்டி 1949-லேயே நரம்பியல் அறுவை சிகிச்சைத் துறையைத் தொடங்கிவிட்டார். இந்தியாவில் அதுதான் முதல். நாம் இன்னும் பக்கத்து வீட்டுக்காரரிடம் யோசனை கேட்டுக்கொண்டிருக்கிறோம்!

முதலமைச்சர் காப்பீட்டு அட்டை கைகொடுத்தது. ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் இருக்கும் குடும்பங்களுக்கு அது உண்டு. கிராம நிர்வாக அலுவலரிடம் வருமானச் சான்று வாங்கி முன்கூட்டியே எடுத்து வையுங்கள். மாட்டை விற்காமல் தப்பித்தேன்.

மறுநாளே எழுந்து நிற்கவைத்தார்கள். நடக்கும்போது வந்த வலி போய்விட்டது. இடுப்பு வலி கொஞ்சம் இருக்கிறது. அது முழுசாகப் போகாது என்று முன்பே சொல்லியிருந்தார்கள். இடது பெருவிரல் மரத்தது மரத்ததுதான். ஒன்றரை வருஷத்தின் விலை அது. மூன்று மாதம் குனியவோ பாரம் தூக்கவோ கூடாது என்றதால் ஒரு போகம் நிலத்தைக் குத்தகைக்கு விட்டேன். அது வலியைவிடக் கஷ்டமாக இருந்தது.

கேள்வி கேட்ட வாசகருக்கு: எல்லா முதுகு வலிக்கும் கத்தி வேண்டாம். சவ்வு பிதுங்கிக் காலுக்கு இழுக்கும் வலி பெரும்பாலானவர்களுக்கு 6 முதல் 12 வாரத்தில் தானே தணிந்துவிடும். ஆனால் பாதம் தொங்கினால் தள்ளிப் போடாதீர்கள். சிறுநீர் அடைத்தாலோ, அடக்க முடியாமல் போனாலோ, உட்காரும் இடம் மரத்துப்போனாலோ, அன்றைக்கே பெரிய ஆஸ்பத்திரிக்குப் போங்கள், இரவானாலும் போங்கள்.

போன பௌர்ணமிக்கு எமலிங்கம் வரை உட்காராமல் நடந்தேன். திரும்பும்போது ஆட்டோ. 16 லிட்டர் மருந்துத் தெளிப்பானை இப்போது மருமகன்தான் முதுகில் மாட்டுகிறார். செருப்புக்கு மட்டும் பின்னால் வார் வைத்துத் தைத்துக்கொண்டேன்.