பம்பில் ஏற்றுவதற்கு முன்

கடலூர், சிதம்பரம் பக்கத்திலிருந்து வால்வு ஆபரேஷனுக்கு வருகிறவர்கள் தனியாக வருவதில்லை. கிள்ளையிலிருந்தோ புதுச்சத்திரத்திலிருந்தோ ஒரு வேன் நிறைய தம்பிகளும் மச்சான்களும் ரத்தம் கொடுக்கக் கூடவே வந்து இறங்குவார்கள். "எத்தனை பாட்டில் வேணும்னாலும் எடுத்துக்கங்க டாக்டர், அக்காவுக்குக் கொறை வைக்காதீங்க." ரத்தம் ஏற்றாமல் ஆபரேஷனை முடிப்பதுதான் என் குறி என்று அந்த நேரத்தில் சொன்னால் கஞ்சன் என்று நினைப்பார்கள். அதனால் தலையை மட்டும் ஆட்டுவேன்.

நான் இதய அறுவை தியேட்டரில் மயக்கமருந்து கொடுப்பவன். மேசையில் படுக்கிறவரின் எடையையும் ஹீமோகுளோபினையும் பார்த்ததும் மனதுக்குள் ஒரு கணக்கு ஓடும். அந்தப் பக்கத்திலிருந்து வரும் பெண்களில் பலருக்குச் சிறுவயதில் வந்த தொண்டைப்புண்ணும் மூட்டுக் காய்ச்சலும் வால்வைச் சுருக்கியிருக்கும். எடை 42 கிலோ, ஹீமோகுளோபின் 9.5 என்று வைத்துக்கொள்ளுங்கள். கிலோவுக்கு 65 மில்லி என்று போட்டால் உடம்பில் இருக்கும் ரத்தமே 2.7 லிட்டர்தான். இதயத்தை நிறுத்தி ஹார்ட்-லங் மெஷினில், எங்கள் பேச்சில் 'பம்பில்', ஏற்றும்போது அதன் குழாய்களில் நிரப்பி வைத்த 1.2 லிட்டர் உப்புநீரும் இந்த ரத்தத்தோடு கலக்கிறது. ஒரு சொட்டுகூடச் சிந்தாமலே 9.5 என்பது 6.6 ஆகிவிடும். அதே பம்பில் 75 கிலோ ஆண், 14 ஹீமோகுளோபினோடு ஏறினால் 11-க்குக் கீழே போக மாட்டார். மெலிந்த பெண்ணுக்கு ரத்தம் தேவைப்படுவதற்கு சர்ஜனின் கத்தி காரணமில்லை, இந்தக் கணக்குதான் காரணம்.

ஆரம்ப நாட்களில் பம்பையே தானம் கொடுத்தவர்களின் ரத்தத்தால் நிரப்பினார்கள். ஹூஸ்டனில் இதய சர்ஜன் டென்டன் கூலி 1960-களின் தொடக்கத்தில் அதற்குப் பதிலாக குளுக்கோஸ் நீரை நிரப்பினார். ரத்தம் ஏற்றிக்கொள்வதை மதக் காரணத்தால் மறுக்கும் யெகோவா சாட்சிகள் 542 பேருக்கு இதய, ரத்தநாள அறுவை செய்த அனுபவத்தை 1977-இல் அவருடைய குழு வெளியிட்டது. முடியாது என்று மற்றவர்கள் கைவிட்ட நோயாளிகளால்தான் இந்தத் தொழில் சிக்கனம் கற்றது.

எனவே என் உண்மையான வேலை ஆபரேஷனுக்குச் சில வாரங்கள் முன்பே ஓ.பி.யில் தொடங்குகிறது. அவசரமில்லை என்றால் ஊசி வழியாக இரும்புச்சத்து கொடுத்துத் தேதியைத் தள்ளிப்போடச் சொல்வேன். 9.5-இல் வந்தவர் 12-இல் திரும்பி வந்தால், அதே பம்பில் 8.3 நிற்கும். பம்பை இயக்கும் பெர்ஃப்யூஷனிஸ்ட் பொறுமைசாலியாக இருந்தால், பம்ப் ஓடத் தொடங்கும் முன் நோயாளியின் ரத்தத்தையே குழாய்க்குள் பின்னோக்கி வரவிட்டு, 400 மில்லி உப்புநீரை வெளியே தள்ளிவிடுவார். 8.3 என்பது 9.3 ஆகும். ஒரு யூனிட் ரத்தம் ஏற்றினால் கிடைப்பதும் கிட்டத்தட்ட அதே ஒரு கிராம்தான். நான் தேதியைத் தள்ளும்போது சர்ஜன் முகம் சுளிப்பார். சுளிக்கட்டும்.

எவ்வளவு வரை குறையலாம் என்பதில் முன்பு ஆளுக்கொரு கொள்கை இருந்தது. 2017-இல் வந்த டிரிக்ஸ்-3 ஆய்வு 19 நாடுகளில் ஏறத்தாழ 5,000 பேரிடம் பார்த்தது: 7.5-க்குக் கீழே போனால் மட்டும் ரத்தம் கொடுக்கப்பட்டவர்கள், 9.5-இலேயே கொடுக்கப்பட்டவர்களைவிட மோசமாகவில்லை. ஆனாலும் 7.4 என்று சீட்டு வந்த உடனே பையைத் தொங்கவிட மாட்டேன். ஆக்சிஜன் போதவில்லை என்று காட்டும் லாக்டேட் ஏறுகிறதா, திரும்பி வரும் ரத்தத்தில் ஆக்சிஜன் மிச்சம் இருக்கிறதா என்று பார்ப்பேன். இரண்டும் சரியென்றால், சிறுநீர் வழியே நீர் இறங்கட்டும் என்று அரைமணி காத்திருப்பதும் வைத்தியம்தான்.

பம்பை நிறுத்தியதும், அதில் ரத்தம் உறையாமலிருக்கக் கொடுத்த ஹெப்பாரினை முறிக்க புரோட்டமின் போடுவோம். அது சால்மன் மீனின் விந்திலிருந்து வரும் மருந்து என்பதால் மீன் ஒத்துக்கொள்ளுமா என்று முன்கூட்டியே கேட்டுவைப்போம். கடலோரப் பரங்கிப்பேட்டை ஆட்கள் இந்தக் கேள்விக்குச் சிரிப்பார்கள். அதன்பின் வரும் அரைமணிதான் கை துறுதுறுக்கும் நேரம். நெஞ்சுக்குழிக்குள் கசிகிறது, சர்ஜன் பிளாஸ்மா கேட்கிறார். நான் முதலில் உடல் வெப்பத்தைப் பார்ப்பேன். 35-க்குக் கீழே இருந்தால் தட்டணுக்கள் சோம்பிக் கிடக்கும். பிறகு கால்சியம், பிறகு ரத்தம் உறைய எடுக்கும் நேரத்தைச் சொல்லும் ஏ.சி.டி. குழிக்குள் ரத்தம் கட்டி கட்டியாக உறைகிறதென்றால் உறைவதில் கோளாறில்லை, எங்கோ ஒரு தையல் விட்டிருக்கிறது என்று பொருள். ஊசி போட்ட துளைகளில்கூட உறையாமல் நீர்போல் கசிந்தால்தான் பிளாஸ்மாவும் தட்டணுவும். உறைந்த பிளாஸ்மா உருகி வர எப்படியும் அரைமணி ஆகும். அதற்குள் பாதி நேரம் சர்ஜனே கசியும் இடத்தைக் கண்டுபிடித்துவிடுவார்.

வேனில் வந்தவர்கள் பிறகு கணக்குக் கேட்பார்கள். "ஆறு பேர் குடுத்தோம், ஒண்ணுதான் ஏத்தினீங்களா?" மீதி, பிரசவத்தில் ரத்தம் போன யாருக்கோ போயிருக்கும் என்றால் சிலருக்குப் பெருமை, சிலருக்குச் சந்தேகம்.

இதைவிட எனக்குக் கவலை தருவது அவர்கள் ஊர் திரும்பிய பின் நடப்பது. உலோக வால்வு வைத்த பெண் ரத்தம் உறையாமலிருக்க வாழ்நாள் முழுக்க அசிட்ரோமோ வார்ஃபரினோ விழுங்க வேண்டும். அதனால் மாதவிடாயில் போக்கு அதிகமாகும். வெளியில் சொல்ல மாட்டார்கள். ஆறு மாதத்தில் ஹீமோகுளோபின் மறுபடி 8-க்கு வந்து நிற்கும், மூச்சு வாங்கினால் வால்வுதான் கெட்டுவிட்டது என்று பயந்து ஓடி வருவார்கள். அதனால் அந்த மாத்திரையின் அளவு சரியா என்று அறிய ஐ.என்.ஆர். பார்க்கச் சொல்லும் சீட்டிலேயே ஹீமோகுளோபினையும் சேர்த்து எழுதுகிறேன். சிதம்பரத்து லேபில் ஒரே ஊசியில் இரண்டுக்கும் எடுத்துவிடலாம்.