ரொறன்ரோத் தீவிற் கழித்த ஒரு பகல்

எம் கல்லூரியின் விழா மலருக்குக் கட்டுரையொன்று தருதல் வேண்டுமெனப் பழைய மாணவர் சங்கத்தார் கேட்டபோது, இலக்கணம் பற்றியேனும் பழந்தமிழ் நூலொன்று பற்றியேனும் எழுதுவதே தமிழாசிரியர்க்கு அழகென முதலில் எண்ணினோம். ஆயினும், 2024ஆம் ஆண்டு ஓகஸ்ற் மாதத்தில் கனடா தேயத்தில் யாம் கண்ட ஒரு தீவும், அங்கு எம் தமக்கையாரோடு கழித்த ஒரு பகலும் மனத்தை விட்டு நீங்காது நிற்கின்றன. எம் பழைய மாணவர் பலர் இன்று வாழ்வது அந்நகரிலேயாதலின், அதனை எழுதுவது பொருத்தமற்றதாகாது என்னும் துணிவினால் இதனை வரைகின்றோம்.

ரொறன்ரோ மாநகர் ஒன்ராறியோ ஏரியின் வடகரையில் உள்ளது. ஏரி என்றதும் எம் ஊர்க் குளங்களை நினைத்தல் ஆகாது. மறுகரை கண்ணுக்குத் தோன்றாது, அலை எழும், மரக்கலங்கள் செல்லும். நீரைக் கையிலள்ளி நாவில் இட்டாலன்றி, அது கடலன்று என நம்புவது அரிது. இந்நகர்த் துறைமுகத்துக்கு எதிரே, கரையிலிருந்து பார்த்தால் ஒரு பச்சைக் கோடு போலத் தோன்றுவதே ரொறன்ரோத் தீவு. ஒன்றெனக் கூறினும் அது பல சிறு தீவுகளின் கூட்டம், பாலங்களால் இணைக்கப்பட்டது. ஏறத்தாழ 330 ஹெக்டேயர் பரப்புடைய அந்நிலத்தின் பெரும்பகுதி பொதுமக்கட்குரிய பூங்காவாகும்.

தமக்கையார் ஸ்காபரோப் பகுதியில் வாழ்பவர். அந்நகருக்கு வந்து முப்பது ஆண்டுகள் கடந்தும் இத்தீவினை அவர் கண்டதில்லை. அவர் மகள், அதாவது எம் மருமகள், ஒவ்வொரு கோடையிலும் அழைப்பாராம். தமக்கையார் ஏதேனுமொரு காரணங் கூறி வீட்டில் நின்றுவிடுவாராம். இம்முறை தம்பி வந்திருப்பதனால் மறுக்க முடியவில்லை. விடியற்காலையில் எழுந்து புட்டு அவித்துக் கட்டினார். கத்தரிக்காய்க் குழம்பும் வைத்தார். ஐந்து வயதுப் பேரன் முதல்நாளிரவே சப்பாத்தை அணிந்துகொண்டு படுத்தான்.

இறங்குதுறையை அடைந்தோம். ஜக் லேற்ரன் என்னும் அரசியல்வாதியின் பெயரை அத்துறைக்கு 2013இல் இட்டுள்ளனர். அங்கிருந்து தீவின் மூன்று இடங்கட்குக் கப்பல்கள் செல்லும். காரைநகருக்கும் ஊர்காவற்றுறைக்கும் இடையே ஓடுவதை எம்மவர் 'பாதை' என்பரன்றோ? அதனிற் பன்மடங்கு பெரிய பாதைகள் இவை. 1939இல் கட்டப்பெற்ற 'சாம் மக்பிறைட்' என்னும் கப்பல் எமக்கு முன்னே நின்றது. சனங்கள் நிரை நிரையாக ஏறினர். அவ்வேளையிலே தமக்கையார் கைப்பையை மார்போடு அணைத்தபடி நின்றுவிட்டார்.

"நான் இஞ்சை கரையிலை இருக்கிறன் தம்பி. நீங்கள் போட்டு வாங்கோ."

மருமகளின் முகம் வாடிற்று. "ஒவ்வொரு முறையும் இப்பிடித்தான் மாமா" என்றார். ஆனால் எமக்குக் காரணம் விளங்கிற்று. அது இவ்வளவு காலமும் விளங்காதிருந்ததே வெட்கமாயிருந்தது.

1993ஆம் ஆண்டிலே தமக்கையார் எம் ஊரை விட்டுப் புறப்பட்டார். ஆனையிறவுப் பாதையும் பூநகரிப் பாதையும் மூடப்பட்டிருந்த காலம் அது. கிளாலிக் கரையிலிருந்து இரவில், விளக்கேற்றாது, வள்ளங்களில் நீரேரியைக் கடந்தே தென்திசை செல்லல் வேண்டும். நாம் அப்போது சாதாரண தரப் பரீட்சைக்கு ஆயத்தஞ் செய்துகொண்டிருந்த மாணவர். தந்தையாரோடு கிளாலி வரை சென்று அவரை வள்ளத்தில் ஏற்றிவிட்டோம். நீரேரியின் நடுவிலே வெடியோசை கேட்டது. விடியுமளவும் தந்தையார் மணலில் இருந்தார். ஒரு சொல்லும் பேசினாரல்லர். தமக்கையாரின் வள்ளம் கரை சேர்ந்தது என்னும் செய்தி ஐந்தாம் நாளே கிடைத்தது. அவருக்குப் பின்னால் வந்த வள்ளமொன்று சேரவில்லை என்பதைப் பல ஆண்டுகட்குப் பின்னர், ஒருமுறை மாத்திரம், தொலைபேசியிற் கூறினார். அதன்பின் அவர் எந்த மரக்கலத்திலும் கால் வைத்தவரல்லர்.

ஆகவே அவரை வற்புறுத்த எமக்கு மனம் வரவில்லை. "நானும் உங்களோடை நிக்கிறன் அக்கா; பிள்ளையள் போகட்டும்" என்றோம். பேரன் இதனை ஏற்றானல்லன். "அம்மம்மா வராட்டி நானும் போகேல்லை" என்று நிலத்திற் குந்திவிட்டான். கப்பலின் ஊதல் ஒலித்தது. தமக்கையார் அவனைப் பார்த்தார், கப்பலைப் பார்த்தார், பின்னர் ஒன்றும் பேசாது அவன் கையைப் பற்றிக்கொண்டு நடந்தார். கீழ்த்தட்டின் நடுவிலுள்ள ஆசனத்தில் அமர்ந்து கண்களை மூடிக்கொண்டார். பயணம் கால்மணி நேரமளவினதே. அக்கால்மணி நேரமும் அவர் உதடுகள் அசைந்துகொண்டேயிருந்தன. முருகன் பெயராகவே இருத்தல் வேண்டும்.

தீவில் இறங்கியதும் முதலில் உணரப்படுவது மோட்டார் வண்டிகளின் ஓசை இன்மையே. பொதுமக்களின் வண்டிகட்கு அங்கே இடமில்லை. நடந்து செல்வர், துவிச்சக்கரவண்டியிற் செல்வர். நால்வர் சேர்ந்து மிதிக்கும் நாற்சக்கரவண்டிகளையும் வாடகைக்குக் கொடுக்கின்றனர். அவ்வண்டியொன்றை எடுத்தோம். மருமகளும் நாமும் மிதிக்க, தமக்கையாரும் பேரனும் அரசரைப் போல வீற்றிருந்தனர்.

இத்தீவு உண்டான வரலாறு மாணவர் அறியத்தக்கது. ஸ்காபரோவின் ஏரிக்கரையில் உயர்ந்த மண்மலைகள் உள. அலை அவற்றை அரிக்கும். நீரோட்டம் அம்மண்ணை மேற்கே கொண்டுசெல்லும். அவ்வாறு பன்னூறாண்டுகளாகச் சேர்ந்த மணலே இந்நிலம். முன்னர் இது தீவன்று. எம் யாழ்ப்பாணம் போல ஒரு தீபகற்பமே. 1858ஆம் ஆண்டில் எழுந்த பெரும்புயல் அதன் கழுத்தை அறுத்துத் தீவாக்கிற்று. இதனை விளக்கியபோது, "அப்ப இது எங்கட ஸ்காபரோ மண்ணோ?" என்று தமக்கையார் கேட்டார். அன்று காலையிலிருந்து அவர் தாமாகக் கேட்ட முதற் கேள்வி அதுவே.

தீவின் மேற்குப் பகுதியில் 1808இற் கட்டப்பெற்ற வெளிச்சவீடு நிற்கின்றது. பேரேரிகளின் கரையில் இன்றும் நிற்கும் வெளிச்சவீடுகளுள் இதுவே பழையது. கட்டியபோது நீரருகே நின்றது. மணல் சேர்ந்து சேர்ந்து இன்று கரையிலிருந்து விலகி மரங்களிடையே நிற்கின்றது. அதன் முதற் காவலர் 1815இற் கொலையுண்டார் என்றும், அவருடைய ஆவி இன்றும் உலாவுகின்றது என்றும் கதை வழங்குகின்றது. எந்நாடாயினும் பழங்கட்டடத்துக்குப் பேயொன்று வேண்டும் போலும்!

அதற்கு அப்பாலுள்ளது ஹன்லன் முனை. நெட் ஹன்லன் என்பவர் அங்கு வளர்ந்தவர். சிறுவயதில் நகரிலுள்ள பாடசாலைக்குத் தாமே படகு வலித்துச் சென்றார் என்பர். அவர் 1880இல் இலண்டன் தேம்ஸ் நதியிலே அவுஸ்திரேலிய வீரரை வென்று, படகு வலித்தலில் உலக வாகையராயினார். பாடசாலைக்குச் செல்வதற்கு வண்டி இல்லையெனக் குறைகூறும் மாணவர் இதனைச் சிந்திப்பாராக. அம்முனையிலிருந்த விளையாட்டரங்கிலேதான் பேப் றூத் என்னும் புகழ்பெற்ற பேஸ்போல் வீரர் 1914இல், தொழில்முறை ஆட்டக்காரராக, எல்லை கடந்த தம் முதலடியை அடித்தார். அரங்கு இன்றில்லை. 1939இல் திறக்கப்பெற்ற சிறு விமான நிலையம் அப்பக்கத்தில் இருக்கின்றது.

சிறுவர்க்கு உவப்பானது நடுத்தீவே. 1967இல் ஆரம்பிக்கப்பட்ட சென்ரர்வில் என்னும் விளையாட்டுக் களம் அங்குள்ளது. சிறு புகைவண்டி, அன்னப்படகு, மரக்குற்றி வடிவான ஓடத்தில் நீரோடு சறுக்கி வீழும் விளையாட்டு, கம்பியில் தொங்கி மரங்களின் மேலே செல்லும் ஆசனம் எனப் பல உள. அவற்றுட் சிறந்தது 1907இற் செய்யப்பெற்ற மரக்குதிரை இராட்டினம். குதிரை மாத்திரமன்றிச் சிங்கம், பூனை, பன்றி முதலியனவும் மரத்திற் செதுக்கப்பெற்றுச் சுழல்கின்றன. எம் கோயிற் குதிரை வாகனங்களைச் செய்யும் தச்சர் கண்டால் மெச்சுவர். பேரன் குதிரையை விட்டுப் பன்றியின் மேல் ஏறினான்; தமக்கையார் பக்கத்தில் நின்று அவனைப் பிடித்துக்கொண்டார்; இராட்டினம் சுழன்றபோது அவர் சிரித்ததைக் கண்டோம்.

அருகே சிறு பண்ணையொன்று உண்டு. பசு, ஆடு, கழுதை, மயில் முதலியவற்றை நகரப் பிள்ளைகள் அங்கே வந்து காண்கின்றனர். பசுவைக் கண்டு பேரன் அஞ்சிப் பின்வாங்கினான். ஒருகாலத்தில் எம் வீட்டுக் கொட்டிலில் இரு பசுக்கள் கறந்த தமக்கையார் அதன் நெற்றியைச் சொறிந்து காட்டினார். மதியம் மரநிழலிற் புட்டை உண்டோம். எம்மைச் சூழப் பல நாட்டு மக்கள் தத்தம் உணவைப் பரப்பியிருந்தனர். ஹரே கிருஷ்ண இயக்கத்தினர் நகர வீதியில் தேரிழுத்தபின் விழா நடத்துவதும் இத்தீவிலேயே எனக் கேட்டு மகிழ்ந்தோம்.

பிற்பகலிற் கிழக்குப் பகுதிக்குச் சென்றோம். வார்ட்ஸ் தீவிலும் அல்கொன்குயின் தீவிலும் ஏறத்தாழ 260 சிறு வீடுகள் உள. பூஞ்செடிகள் சூழ்ந்த அவ்வீடுகளைக் கண்டு வியந்தபோதே, அவற்றின் துன்ப வரலாற்றை மருமகள் கூறினார். முன்னர் நடுத்தீவிலும் ஹன்லன் முனையிலும் வீடுகள், கடைகள், படமாளிகை எல்லாம் இருந்தன. 1956இல் மாநகர ஆட்சியினர் தீவைப் பொறுப்பேற்று, முழுவதையும் பூங்காவாக்கக் கருதி வீடுகளை இடிக்கத் தொடங்கினர். கிழக்கிலிருந்தோர் மாத்திரம் விட்டுக்கொடுத்தாரல்லர். 1980 யூலை 28ஆந் திகதி வெளியேற்றும் கட்டளையோடு அதிகாரிகள் வந்தபோது, மக்கள் பாலத்திலே திரண்டு நின்று அவர்களைத் திருப்பியனுப்பினர். இறுதியில் 1993இல் மாகாண சட்டசபை சட்டமியற்றி, அவர்கட்கு 99 ஆண்டுக் குத்தகை உரிமை வழங்கிற்று. வீட்டைச் சந்தையில் விற்று இலாபம் பெறுதல் இயலாது. வாங்க விரும்புவோர் 500 பெயர் கொண்ட காத்திருப்போர் பட்டியலில் இடம்பெறல் வேண்டும்.

"1993ஆமாண்டோ?" என்றார் தமக்கையார். நாமும் அதனையே நினைத்தோம். அவர்கள் வீட்டைப் பெற்ற ஆண்டிலே அவர் வீட்டை விட்டார்.

அன்று காலை முதல் நாம் இன்புற்ற புல்வெளிகளிற் பல, ஒருகாலத்திற் பிறருடைய அடுக்களையும் முற்றமுமாய் இருந்தவை என எண்ணியபோது மனம் ஒருவாறாயிற்று. ஊரிழந்தோர் பலரை உடைய எமக்கு அது சிறு செய்தியன்று. ஆயினும், அகதியாய் வந்தவரும் சில வெள்ளிகளைக் கொடுத்து வந்து காலை நீட்டியிருக்கத்தக்க பூங்காவொன்று பெருநகருக்கு வேண்டுவதே என்பதையும் மறுத்தற்கில்லை. இரண்டு நியாயங்களும் ஒரே தீவில் அடுத்தடுத்து வாழ்கின்றன. பொறுமையாகப் பேசினால் இரண்டுக்கும் இடமுண்டு என்பதற்கு அவ்வீடுகள் சான்று. அதற்கு முப்பத்தேழு ஆண்டுகள் சென்றன என்பதும் மறக்கற்பாலதன்று.

தீவுக்கு இயற்கையின் இடரும் உண்டு. 2017இல் ஏரி பெருகி நிலத்தை மூடவே, பூங்கா யூலை இறுதிவரை பொதுமக்கட்கு மூடப்பட்டிருந்தது. மணல் மூட்டைகளை அடுக்கி மக்கள் வீடுகளைக் காத்தனராம். மணலால் வந்த நிலத்தை மணலாலேயே காத்தனர்.

மாலை மயங்கியபின் திரும்பினோம். இருளைக் கண்டு நாம் அஞ்சினோம். பகலிலேயே புறப்பட்டிருத்தல் வேண்டுமென எம்மையே நொந்துகொண்டோம். ஆனால் தமக்கையார் இம்முறை கீழ்த்தட்டில் இருந்தாரல்லர். பேரனைக் கையிற் பிடித்து மேல்தட்டுக்கு ஏறினார். எதிரே மாநகரின் மாடங்களெல்லாம் ஒளிவிட்டன. 553 மீற்றர் உயரமுள்ள சீ.என். கோபுரம் நிறம் மாறி மாறி ஒளிர்ந்தது. அவ்வொளி நீரில் நீண்டு எம் கப்பல் வரை வந்தது. அவர் கம்பியைப் பற்றியபடி நெடுநேரம் நின்றார். பின்னர் எம் பக்கம் திரும்பாமலே கூறினார்:

"அண்டைக்கு ஒரு வெளிச்சமும் இல்லைத் தம்பி. கரை எந்தப் பக்கமெண்டும் தெரியேல்லை."

நாம் விடையொன்றும் கூறவில்லை. பேரன் மாத்திரம், "இதுக்குத் தமிழிலை என்ன பேர்?" எனக் கப்பலைத் தட்டிக் கேட்டான். பாதை என்றோம். வீடு சேருமளவும் அச்சொல்லைச் சொல்லிக்கொண்டே வந்தான்.

ஊர் திரும்பியபின் குறிகட்டுவானில் நின்று நயினாதீவுப் படகுக்குக் காத்திருந்தபோது அத்தீவே நினைவில் வந்தது. எமக்கும் தீவுகள் உள. காரைநகரிற் கசூரினாக் கடற்கரை உளது. நெடுந்தீவிற் குதிரைகள் உள. முதியோர் அமர நிழலும், சிறுவர் ஓடி விளையாட இடமும், அஞ்சாது ஏறத்தக்க படகும் வேண்டும். அவற்றை அமைக்குங்கால், அங்கே வாழ்வோரின் முற்றத்தை அழியாது அமைத்தல் வேண்டும். இன்று எம் வகுப்பறையில் இருக்கும் மாணவரே நாளை அதனைச் செய்யத்தக்கவர்.

தமக்கையார் 2025ஆம் ஆண்டுக் கோடையில் மீண்டும் அத்தீவுக்குச் சென்றுவந்ததாகக் கூறினார். இம்முறை அவரே பேரனை அழைத்துச் சென்றாராம். கல்லூரி அன்னை நீடு வாழ்க. அவள் மக்கள் எக்கரையிலிருப்பினும் நலமே வாழ்க.