தேடிய பையும் தேடாத பையும்

இலண்டனில் மாலைநேர மத்ரஸாவொன்றில் ஓதிக் கொடுக்கும் எனக்கு, ஓய்வு கிடைத்தால் பழைய பிரித்தானியப் பென்னிகளைத் தேடிப் பார்ப்பதே பொழுதுபோக்கு. அவற்றை இங்கே நிறுத்து விற்கிறார்கள். ஒரு காசு சுமார் 9.4 கிராம், கிலோவுக்கு நூறுக்குச் சற்றுக் கூடுதலாக வரும். 1971இல் தசம நாணயம் வந்ததும் செல்லாக் காசானவை இவை.

நீங்களும் தேடுவதாயின் 1933ஆம் ஆண்டுப் பென்னியைக் கனவு காணாதீர்கள். அது விரல்விட்டு எண்ணுமளவே உண்டு. 1918, 1919ஆம் ஆண்டுக் காசுகளை ஒதுக்கி, ஆண்டின் இடப்பக்கத்தைப் பூதக்கண்ணாடியால் பாருங்கள். ‘எச்’ என்றிருந்தால் பர்மிங்ஹாம் ஹீட்டன் சாலையில் அடித்தது, ‘கே.என்.’ என்றிருந்தால் கிங்ஸ் நோர்ட்டன் சாலையில் அடித்தது. இவற்றுக்குத் தனி மதிப்புண்டு. புளி போட்டு மட்டும் விளக்கிவிடாதீர்கள். பளபளப்பு வரும், மதிப்புப் போய்விடும்.

வேண்டியதைப் பொறுக்கியபின் மீதியை விற்கலாம், அதில் தவறில்லை. ஆனால், பொறுக்கிய பையையே “யாரும் தேடாதது” என்று விற்போரும் இருக்கின்றனர். வாங்குபவர் விலை கொடுப்பது செம்புக்கா? இல்லை, உள்ளே ஏதேனும் இருக்கலாம் என்ற நம்பிக்கைக்கு. அந்த நம்பிக்கையை ஏற்கனவே எடுத்துக்கொண்டு, அதற்கே பணமும் வாங்குவது எந்த வகை வியாபாரம்?

நான் விற்கும் பையில் “தேடிப் பார்த்தது” என்று எழுதி ஒட்டிவிடுவேன். விலை குறையத்தான் செய்கிறது. குறையை மறைத்த வியாபாரத்தில் பரக்கத் இல்லையென்று பிள்ளைகளுக்குப் படிப்பிப்பவன், சில பவுண்களுக்காக அதை மறக்கலாமா? நீங்களே சொல்லுங்கள்.