முன்னால் டீச்சர், பின்னால் ஐயா

ஜொகூரின் ஸ்கூடாயில் தொடங்கி ஈப்போவில் முடியும் கூட்டரசு சாலை 5, வடக்கு-தெற்கு நெடுஞ்சாலை வந்த பிறகு நம்மில் பலர் மறந்துவிட்ட சாலை. பொந்தியான், பத்து பகாட், மூவார், மலாக்கா, போர்ட்டிக்சன், கிள்ளான், கோல சிலாங்கூர், தெலுக் இந்தான் என்று மேற்குக் கரையோரமாகவே போகும். காரில் போகிறவர்களுக்கு அது சுற்றுவழி. நெடுஞ்சாலையில் சைக்கிளுக்கு அனுமதி இல்லை என்பதால், சைக்கிளில் போகிறவர்களுக்கு அதுதான் வழி. பெரிய மேடுகளும் குறைவு.

கிள்ளானில் வசிக்கும் ஒரு தம்பதி, வரும் தைப்பொங்கல் முடிந்த கையோடு இந்தச் சாலையில் இறங்கப் போகிறார்கள். பொந்தியானில் தொடங்கி பினாங்கு வரை ஏறக்குறைய 700 கிலோமீட்டர். இருவருக்கும் சேர்த்து ஒரே சைக்கிள். ஐயாவுக்கு வயது 66, மின்சாரத் துறையில் டெக்னீஷியனாக இருந்து ஓய்வு பெற்றவர். அம்மாவுக்கு 61, தமிழ்ப்பள்ளி ஆசிரியையாக இருந்தவர். பெயர் வேண்டாம் என்று கேட்டுக்கொண்டார்கள். "முதல்ல போய்ச் சேர்றோம். அப்புறம் பேரைப் போடுங்க தம்பி" என்றார் டீச்சர்.

ஐயா இளவயதில் நண்பர்களோடு போர்ட்டிக்சன் வரை சைக்கிளில் போய் வந்தவர். சில ஆண்டுகளுக்கு முன் அவருக்கு கிளாக்கோமா இருப்பது தெரிந்தது. கண்ணுக்குள் அழுத்தம் கூடி, பார்வை நரம்பு மெல்ல மெல்லக் கெடும் நோய். பெரும்பாலும் பக்கவாட்டுப் பார்வையைத்தான் முதலில் தின்னும். போன பார்வை திரும்பாது. தினமும் விடும் சொட்டு மருந்து, மிச்சம் இருப்பதைக் காப்பாற்றத்தான். கார் சாவியை அவரே மனைவியிடம் கொடுத்துவிட்டார். சைக்கிளும் நின்றது. பிறகு மாலை நடையும் நின்றது. "வீட்ல உக்காந்த இடத்துலயே இருந்தாரு. எனக்கு அவரு கண்ணை விட அதுதான் பெரிய கவலை" என்கிறார் டீச்சர்.

பழைய டாண்டம் சைக்கிள் ஒன்று விலைக்கு வருவதைப் பார்த்துச் சொன்னது மகள். டாண்டத்தில் முன்னால் இருப்பவரை 'கேப்டன்' என்பார்கள். ஹேண்டில், பிரேக், கியர் எல்லாம் அவர் பொறுப்பு. பின்னால் இருப்பவர் 'ஸ்டோக்கர்'. நீராவி இன்ஜினுக்குக் கரி அள்ளிப் போடுகிறவருக்கு உள்ள பெயர் அது. "எங்கப்பா ரயில்வேயில அந்த வேலைதான் பார்த்தாரு. 66 வயசுல எனக்கும் அதே வேலை கிடைச்சிருச்சு" என்று சிரிக்கிறார் ஐயா.

இருவரின் பெடல்களையும் ஒரு செயின் இணைக்கிறது. ஒருவர் மிதித்தால் மற்றவர் காலும் சுற்றும். ஒருவர் நிறுத்தினால் இருவரும் நிறுத்த வேண்டும். அதனால் பள்ளம், பிரேக், கியர் மாற்றம் எதுவானாலும் முன்னால் இருப்பவர் வாய்விட்டுச் சொல்லியாக வேண்டும். முதல் மாதம் வீட்டுக்கு எதிரே இருந்த திடலைத் தாண்டவில்லையாம். டீச்சர் சொல்லாமல் பிரேக் பிடிப்பார். ஐயா சொல்லாமல் எழுந்து நின்று மிதிப்பார். இரண்டு முறை விழுந்தார்கள்.

அவர்களின் பயிற்சி நாள் ஒன்றில் கிள்ளானிலிருந்து செகிஞ்சான் வரை நான் காரில் கூடவே போனேன். காலை 7 மணிக்குக் கிளம்பினார்கள். காப்பார், ஜெராம் தாண்டி கோல சிலாங்கூர் வர ஏறக்குறைய 45 கிலோமீட்டர். மலாவாத்தி குன்றின் அடியில் பசியாறினோம். மேலே 1907ஆம் ஆண்டு கட்டிய கலங்கரை விளக்கம். வாழைப்பழத்தைக் குரங்குகளிடமிருந்து காப்பாற்றுவதே பெரிய பாடாகிவிட்டது.

இந்த வட்டாரம் நம்மவர்களுக்குப் புதிதல்ல. இதே கோல சிலாங்கூர் மாவட்டத்தில், சாலையிலிருந்து உள்ளே தள்ளி இருக்கும் தென்னமரம் தோட்டத்தில்தான் 1917இல் நாட்டின் முதல் வணிகச் செம்பனைத் தோட்டம் உருவானது. தொடங்கியவர் ஹென்றி ஃபோகோனியே என்ற பிரெஞ்சுக்காரர். பெயர் மட்டும் நம் தமிழ்.

தஞ்சோங் காராங்கைத் தாண்டியதும் செம்பனை விலகி வயல் திறந்துகொள்கிறது. ஆண்டுக்கு இரு போகம் விளையும் பூமி. டாண்டத்தில் பின்னால் இருப்பவருக்கு எதிரே தெரிவது பெரும்பாலும் முன்னிருப்பவரின் முதுகுதான். ஐயாவுக்குப் பக்கவாட்டிலும் தெரியாது. அதனால் டீச்சர் சொல்லிக்கொண்டே போகிறார்: "இடது கைப்பக்கம் நெல்லு பழுத்திருக்கு. வரப்புல ஆறு கொக்கு." பின்னாலிருந்து ஐயாவும் பதில் கொடுக்கிறார்: "பெரிய லோரி ஒன்னு வருது, ஓரமா போ." நான் கண்ணாடியில் பார்த்தேன். லோரி அப்போதுதான் தூரத்து வளைவில் திரும்பிக்கொண்டிருந்தது.

சிங்கப்பூரில் வேலை செய்யும் மகனுக்கு இது பிடிக்கவில்லை. சாலையில் ஏதாவது ஆனால் யார் பார்ப்பது என்பது அவர் கேள்வி. அதை டீச்சர் தட்டிக்கழிக்கவில்லை. ஒரு நோட்டுப் புத்தகத்தைக் காட்டினார். நாளுக்கு 50 கிலோமீட்டர், 11 மணிக்குள் நிறுத்தம், மூன்று நாளுக்கு ஒருமுறை ஓய்வு. சொட்டு மருந்து வெயிலில் கெடாமலிருக்க ஒரு குளிர்ப்பை. ஒவ்வோர் ஊரிலும் அரசு மருத்துவமனை எங்கே என்ற குறிப்பு. டாண்டம் சாதாரண லிஃப்டில் நுழையாது என்பதால், தரைத்தளத்தில் அறை தரும் தங்குவிடுதிகளாகத் தேடித் தேடிப் பேசி வைத்திருக்கிறார். கேட் டிக்ஸன், ராஸ் மார்ஸ்டன் என்ற இரு பிரிட்டிஷ் பெண்கள் ஐம்பது வயதைத் தாண்டிய பிறகு, 2019-20இல் 263 நாளில் டாண்டத்திலேயே உலகைச் சுற்றி வந்த செய்தியும் அதில் ஒட்டப்பட்டிருக்கிறது.

ஒரு விஷயத்தில் மட்டும் தம்பதிக்குள் இன்னும் இழுபறி. பந்திங்கிலிருந்து கிள்ளான் வரை கனரக லோரிகள் அதிகம். அந்தப் பகுதியை மட்டும் நண்பரின் வேனில் கடக்கலாம் என்கிறார் டீச்சர். "முழுசா மிதிச்சாத்தான் போனதா அர்த்தம்" என்கிறார் ஐயா. "அடுத்த வருஷம் எனக்கு இவ்வளவு கூடத் தெரியுமோ என்னமோ" என்றும் சொன்னார். கொஞ்ச நேரம் யாரும் பேசவில்லை. பிறகு டீச்சர் சொன்னார்: "தெரியாட்டி நான் சொல்றேன். ஆனா பிரேக் என் கையிலதாங்க இருக்கு."

பினாங்குப் பாலத்தில் சைக்கிளில் போக முடியாது. பட்டர்வொர்த்திலிருந்து ஃபெரியில் ஏறி ஜார்ஜ்டவுனில் இறங்குவார்கள். தைப்பூசக் கூட்டம் சேருமுன் தண்ணீர்மலை அடிவாரத்தைத் தொட்டுவிட வேண்டும் என்பது திட்டம்.

தை மாதத்தில் கரையோரச் சாலையில் நீங்கள் காரில் போகும்போது, மஞ்சள் சட்டை போட்ட இருவர் ஒரே சைக்கிளில் பேசிக்கொண்டே போவதைப் பார்த்தால், ஹார்ன் அடிக்க வேண்டாம். வேகத்தைக் குறைத்து, நன்றாக விலகி முந்துங்கள். பின்னால் இருப்பவர் உங்கள் வண்டிச் சத்தத்தை எப்போதோ கேட்டிருப்பார்.