குடல்வால் உரைத்த பாடம்

எம் மகனுக்குக் குடல்வால் அறுவை இனிதே முடிந்தது. அகற்றிய உறுப்பைப் பார்மலின் நிரம்பிய புட்டியிலிட்டு, திசுப் பரிசோதனைக்குக் கொடுக்குமாறு மருத்துவர் பணித்தார். 'நோய்தான் நீங்கிற்றே, வீண்செலவு எதற்கு?' என முணுமுணுத்தவாறே எடுத்துச் சென்றோம்.

ஆய்வகத்தார் திசுவை மெழுகில் பதித்து, மில்லிமீட்டரில் ஏறத்தாழ 200இல் ஒரு பங்கு கனமுள்ள சீவல்களாக்குவர். ஹெமடாக்சிலின், ஈயோசின் சாயங்களை ஏற்றி நுண்ணோக்கியில் காண்பர். உயிரணுக் கருக்கள் நீலமாகவும் ஏனையவை இளஞ்சிவப்பாகவும் தோன்றும். அகற்றப்படும் குடல்வால்களுள் ஏறக்குறைய நூற்றில் ஒன்றில்தான் கட்டி தென்படும் என்பர்.

அந்த ஒன்று எம் வீட்டிற்கு வாய்த்தது. அறிக்கையில் 'கட்டி' என்ற சொல்லைக் கடந்து எம் கண்கள் நகரவில்லை. மருத்துவரே மீதியைப் படித்தார்: "நுனியில் 6 மி.மீ. அளவுள்ள கார்சினாய்டு கட்டி. 1 செ.மீ.க்கும் சிறியது, வெட்டிய விளிம்பில் நோயில்லை, முற்றும் நீங்கிவிட்டது. இந்த அறுவையே போதும்."

மாணவர் விடைத்தாளின் முதற்பக்கம் கண்டே முடிவு கட்டிவிடும் எமக்கு இது தக்க பாடம். கண்ணுக்குப் புலப்படுவதே முழுமையன்று. அன்றிரவு தொழுகை விரிப்பில் நெடுநேரம் அமர்ந்திருந்தோம். முணுமுணுத்த அதே நாவால் மொழிந்தோம்: எல்லாப் புகழும் இறைவனுக்கே!