உட்கார ஒரு கப் ஐஸ்கிரீம்!

2023-ல நெட்ஃப்ளிக்ஸ்ல வந்துச்சே 'தி ஆர்ச்சீஸ்', பார்த்தீங்களா? படம் மாஸா, மொக்கையானு என்கிட்ட சண்டைக்கு வராதீங்க. விஷயம் அது இல்லை. 1964-ல ஒரு மலை ஊர். அங்கே 'பாப் டேட்ஸ்'னு ஒரு கடை. காதலோ, சண்டையோ, சமாதானமோ... எதுவா இருந்தாலும் அந்தப் பசங்க எல்லாரும் அந்தக் கடையிலதான் வந்து விழுவாங்க. ரிவர்டேல்னு ஊருக்குப் பேர் வெச்சுட்டா நம்மகிட்ட மறைக்க முடியுமா? பல காட்சிகளைச் சுட்டது நம்ம ஊட்டியிலதான்!

படம் பார்த்த ஹாஸ்டல் கேங்குக்கு உடனே ஆசை வந்துடுச்சு. "ஊட்டியில நிஜமாவே இப்படிப் பழைய ஐஸ்கிரீம் பார்லர், சோடா ஃபவுண்டன் எல்லாம் இருக்காடி? நீ அந்த ஊர்க்காரிதானே?"னு ஒரே நச்சு. (எங்க வீடு குன்னூர் பக்கம். கீழ இருக்கிறவங்களுக்கு மலை ஏறினா எல்லாமே ஊட்டிதான்!) சரி, தேடிப் பார்த்துடுவோம்னு லீவுல கிளம்பினேன். நீங்களும் வாங்க.

ஊட்டியில 'ஃபவுண்டன்'னு சொன்னா ஆட்டோ அண்ணன் உங்களைக் கொண்டுவந்து இறக்குற இடம் சேரிங் கிராஸ். அங்கே இருக்கிறது ஆடம் ஃபவுண்டன். மெட்ராஸ் கவர்னரா இருந்து, 1881-ல ஊட்டியிலேயே இறந்துபோன வில்லியம் பேட்ரிக் ஆடம் நினைவா 1886-ல கட்டினது. இதுல சோடா எல்லாம் வராது, செல்ஃபி மட்டும் நல்லா வரும். ஆனா ஒரு வேடிக்கை பாருங்க. அதே 1886-லதான் அமெரிக்காவுல, அட்லாண்டாவுல, ஒரு கடையோட சோடா ஃபவுண்டன்ல கிளாஸ் அஞ்சு சென்ட்டுக்கு கோகோ கோலாவை முதன்முதலா ஊத்திக் கொடுத்தாங்க. அது என்ன கடை தெரியுமா? மருந்துக் கடை! கேஸ் ஏத்தின தண்ணி உடம்புக்கு நல்லதுனு நம்பின காலம் அது. பெரிய ரகசியம் ஒண்ணும் இல்லை பாஸ். கிளாஸ்ல முதல்ல சிரப். கவுன்ட்டர்ல இருக்கிற குழாயைத் திருப்பினா சோடா. ஆசை இருந்தா மேல ஒரு உருண்டை ஐஸ்கிரீம்.

இதைப் படிச்சதும் எனக்கு ஒரு டவுட். நம்ம பெட்டிக்கடை அண்ணன் கிளாஸ்ல நன்னாரி சிரப் ஊத்தி, எலுமிச்சம்பழம் பிழிஞ்சு, கோலி சோடாவை 'டப்'புனு உடைச்சு ஊத்துறாரே... அது வேற என்னவாம்? குழாய்க்குப் பதிலா பாட்டில், பளிங்குக் கவுன்ட்டருக்குப் பதிலா தகர டேபிள். அவ்வளவுதான் வித்தியாசம். அந்தக் கோலி பாட்டிலும் 1870-கள்ல ஹிராம் காட்னு ஒரு இங்கிலாந்துக்காரர் கண்டுபிடிச்சது. பாட்டிலைத் தலைகீழா வெச்சு கேஸ் ஏத்துவாங்க. கோலி கழுத்துப் பக்கம் விழும். உள்ளே இருக்கிற கேஸே அதை ரப்பர் வளையத்தோட அழுத்திப் பிடிச்சுக்கும். தனியா மூடி எதுக்கு? எந்த மெக்கானிக்கல் புரொஃபசரும் இதுக்கு ஃபுல் மார்க் போட்டே ஆகணும்.

இன்ஜினீயரிங் ஸ்டூடண்ட்டா லட்சணமா இன்னொண்ணும் சொல்லிடுறேன். ஊட்டி கடல் மட்டத்துல இருந்து சுமார் 2,240 மீட்டர் உயரம். காத்தோட அழுத்தம் கீழ இருக்கிறதுல முக்கால் பங்குதான். மேட்டுப்பாளையத்துல வாங்கின சிப்ஸ் பாக்கெட் மேல வந்ததும் பலூன் மாதிரி உப்பிக்குதே, அதே காரணம்தான். அதனால கீழ அடைச்ச சோடாவை இங்கே உடைச்சீங்கன்னா கூடுதலாவே சீறும். மலையிலேயே அடைச்ச சோடான்னா இன்னும் விசேஷம். தண்ணி எவ்வளவு ஜில்லுனு இருக்கோ, அவ்வளவு கேஸ் கரையும். சோடா போடுறதுக்குனே அமைஞ்ச ஊரு இது!

சரி, பார்லருக்கு வருவோம். உங்க தாத்தா மெட்ராஸ்ல வேலை பார்த்தவரா இருந்தா 'தாசப்பிரகாஷ்'னு சொல்லிப் பாருங்க, முகம் மலரும். உடுப்பிப் பக்கத்துல இருந்து வந்த கே.சீதாராம ராவ் ஆரம்பிச்ச ஹோட்டல். மெட்ராஸ் பூந்தமல்லி ஹைரோட்டுல 1954-ல திறந்தாங்க. இட்லி, தோசைக்கு எவ்வளவு பேரோ, ஐஸ்கிரீமுக்கும் அவ்வளவு பேர். நம்ம ஊட்டியிலயும் குதிரைப் பந்தய மைதானத்துப் பக்கம் தாசப்பிரகாஷ்னு போர்டு தொங்கின காலம் உண்டு. மெட்ராஸ்ல இருந்த அந்த ஹோட்டல் இன்னிக்கு இல்லை.

அம்மா, அப்பா தலைமுறைக்குப் பார்லர்னா அருண்தான். 1970-ல ராயபுரத்துல 13,000 ரூபா முதல் போட்டு, 250 சதுர அடி இடத்துல ஆர்.ஜி.சந்திரமோகன் ஆரம்பிச்ச கம்பெனி. மெட்ராஸ்ல அப்போ தாசப்பிரகாஷ், குவாலிட்டி, ஜாய்னு ஜாம்பவான்கள். நடுவுல நுழைய முடியலை. அதனால அவர் பிடிச்ச முதல் கஸ்டமர்கள்ல ஒருத்தர் யாரு தெரியுமா? நாமதான், காலேஜ் கேன்டீன்! அப்புறம் பெரிய கம்பெனிகள் கண்டுக்காத சின்னச் சின்ன ஊர்களா தேடிப்போய், தன் ஐஸ்கிரீம் மட்டும் விக்கிற பார்லர்களைத் திறந்தார். ஒரு தாலுகா தலைநகரத்துல கண்ணாடிக் கதவு போட்ட முதல் கடைன்னா அநேகமா அது ஐஸ்கிரீம் பார்லராத்தான் இருந்திருக்கும்.

அந்தக் கண்ணாடிக் கதவு எதுக்கு முக்கியம்னு பசங்களுக்குப் புரியாது. பொண்ணுங்களைக் கேளுங்க. குன்னூர் பஸ் ஸ்டாண்டுல எத்தனை டீக்கடை! தேயிலை விளையிற ஊரு வேற. ஆனா சாயங்காலம் நாலு பொண்ணுங்க டீக்கடை பெஞ்சுல உட்கார்ந்து அரை மணி நேரம் அரட்டை அடிச்சுப் பாருங்க, டீ ஆறுறதுக்குள்ள ஊரே திரும்பிப் பார்க்கும். எங்க அம்மா காலேஜ் படிச்சது 90-கள்ல. "எங்களுக்குனு உட்கார இருந்த ஒரே இடம் அதுதான்டி. ஒரு கப்பு, மூணு பேரு, மூணு ஸ்பூனு, முக்கால் மணி நேரம்"னு இப்பவும் சொல்வாங்க. சென்னையிலன்னா பத்து நிமிஷத்துல உருகிடும். மலைக் குளிர்ல உருகாது. குளிர்ல போய் ஐஸ்கிரீமானு இனிமே யாராவது கேட்டா இதைச் சொல்லுங்க. இங்கே ஒரு கப்புக்கு அதிக நேரம் கிடைக்கும்!

அம்மாயிக்கு (அம்மாவோட அம்மா) இந்த முக்கால் மணி நேரமும் கிடைச்சது இல்லை. அவங்க பொறந்தது இலங்கையில, ஹட்டன் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்துல. 1964-ல போட்ட சிறிமாவோ - சாஸ்திரி ஒப்பந்தத்தால இந்தியாவுக்கு அனுப்பப்பட்ட லட்சக்கணக்கான பேர்ல ஒருத்தங்க. 1973-ல தலைமன்னார்ல கப்பல் ஏறி, ராமேஸ்வரத்துல இறங்கி, மண்டபம் முகாம்ல இருந்து இங்கே வந்தாங்க. இப்படித் திரும்பி வந்தவங்களுக்கு வேலை கொடுக்கத்தான் நீலகிரியில 1968-ல 'டான்டீ' தோட்டங்களையே ஆரம்பிச்சாங்க. அதுல கொழுந்து பறிச்சே ரிட்டயர்டு ஆனாங்க அம்மாயி.

அவங்ககிட்ட சோடானு சொன்னதும் சொன்ன முதல் வார்த்தை, 'எலிபன்ட் ஹவுஸ்'. கொழும்புல 1866-ல ஐஸ் கம்பெனியா ஆரம்பிச்சு, அப்புறம் கிரீம் சோடா, நெக்டோ, ஜிஞ்சர் பியர்னு இலங்கை முழுக்கப் பேர் எடுத்த கம்பெனி. "சம்பள நாளைக்கு எங்கப்பா ஒரு போத்தல் வாங்குவாரு. அஞ்சு புள்ளைக. ஆளுக்கு ரெண்டு மொடக்கு. கடைக்குள்ள மேச, கதிரயெல்லாம் இருக்கும். தொரைமாரு, கிளாக்கர் ஐயாமாரு உக்காருவாங்க. நாங்க வெளிய நின்னு குடிச்சுப்புட்டு, போத்தலக் குடுத்துட்டு நடையக் கட்டிருவோம்."

"இங்க வந்த பொறகு?"

"இங்கயும் அதே கததான் புள்ள. கதிரதான் நாற்காலியாச்சு."

அடுத்த ஞாயித்துக்கிழமையே அம்மாயியைக் கூட்டிக்கிட்டுப் போய் குன்னூர்ல ஒரு பார்லர்ல உட்கார வெச்சேன். ஃப்ரூட் சாலட் வித் ஐஸ்கிரீம். வந்தது பேப்பர் கப்ல. "கண்ணாடிக் கப்பு இல்லியா?"ன்னாங்க. "உள்ள சாப்பிட்டாலும் பார்சல்னாலும் இதுதான் பாட்டி"ன்னார் சர்வர் அண்ணன். செர்ரிப் பழத்தைக் கடைசிக்குனு ஓரமா ஒதுக்கி வெச்சுக்கிட்டு, குட்டிக் குட்டி ஸ்பூனா சாப்பிட்டாங்க. வாசல்ல டூரிஸ்ட் கூட்டம், எங்க டேபிள் மேலயே கண்ணு. அண்ணன் துணியோட வந்து, "முடிஞ்சுதா பாட்டி?"ன்னார். கப் காலி. சுரண்டக்கூட ஒண்ணும் இல்லை. அதை ரெண்டு கையாலயும் பிடிச்சுக்கிட்டு அம்மாயி நிமிர்ந்து பார்த்துச் சொன்னாங்க, "இன்னும் முடியல தம்பி."

அவர் சிரிச்சுட்டுப் போயிட்டார். நாங்க இன்னும் இருபது நிமிஷம் இருந்தோம்.

பழைய பார்லரைப் பத்திப் பேசுறவங்க எல்லாம் டூட்டி ஃப்ரூட்டி, கசாட்டா, நீளமான ஸ்பூனுனு உருகுறாங்களே, அதெல்லாம் இன்னிக்கும் கிடைக்குது பாஸ். அதைவிட நல்ல ஐஸ்கிரீம்கூட கிடைக்குது. போனது அந்தக் கண்ணாடிக் கப்புதான். கப் கடைக்காரரோடது. அதைத் தூக்கிக்கிட்டு நீங்க வெளியே போக முடியாது. உங்க கையில கப் இருக்கிற வரைக்கும் அவரும் உங்களை எழுப்ப முடியாது. பேப்பர் கப், கோன், வீட்டு ஃப்ரிட்ஜுக்கு ஃபேமிலி பேக்னு வந்த பிறகு கடையில உட்கார வேண்டிய அவசியமே இல்லாமப் போச்சு. இப்போ உட்காரணும்னா காபி ஷாப் போகணும். அங்கே ஒரு காபி விலையில எங்க ஹாஸ்டல் மெஸ்ல ரெண்டு நாள் ஓட்டிடலாம்.

ஆனா நீலகிரியில ஒரு திருப்பம். பிளாஸ்டிக்குக்கு எதிரா 2000-களோட ஆரம்பத்துலயே கிளம்பின மாவட்டம் இது. 2019-ல பிளாஸ்டிக் தண்ணி பாட்டிலுக்கும், அதையொட்டி கூல் டிரிங்ஸ் பாட்டிலுக்கும் தடை போட்டாங்க. இது காட்டுக்காகவும் யானைக்காகவும் போட்ட தடை, சோடாப் பிரியர்களுக்காக இல்லை. ஆனா நடந்தது என்னன்னா, கண்ணாடி பாட்டில் திரும்பவும் கவுன்ட்டர் ஏறிடுச்சு. பாட்டிலைத் திருப்பிக் கொடுத்தாகணும், அதனால நின்னு குடிச்சாகணும். தொட்டபெட்டா பக்கம் ஒரு கடை வாசல்ல பார்த்தேன். பெங்களூர் ஐ.டி. பசங்க, காரமடை கல்யாண கோஷ்டி, ஒரு டிரைவர் அண்ணன்... ஆளுக்கொரு பாட்டிலோட நின்னு, வேற வழியில்லாம ஒருத்தரோட ஒருத்தர் பேசிக்கிட்டு இருந்தாங்க. இன்னும் நாற்காலிதான் வரலை. ரெண்டு பெஞ்ச் போட்டா போதும், அண்ணாச்சிங்களா!

போறீங்களா? 2024 மே மாசத்துல இருந்து வெளியூர் வண்டிக்கு இ-பாஸ் வேணும், ஆன்லைன்லயே எடுத்துடுங்க. ஆளுக்கொரு ஸ்டீல் பாட்டில் கட்டாயம், தண்ணி ஏ.டி.எம். நிறைய இடத்துல இருக்கு. பழைய கவுன்ட்டர் பார்க்கிற ஆசை இருந்தா, ஊட்டியில 1942-ல இருந்து சாக்லேட் விக்கிற கிங் ஸ்டார், 1954-ல ஆரம்பிச்ச ஷின்கோஸ், குன்னூர்ல 1880-ஐச் சேர்ந்த கிரௌன் பேக்கரினு ஒரு ரவுண்டு அடிக்கலாம். ஐஸ்கிரீம் எந்தக் கடையிலனு நான் சொல்ல மாட்டேன். உள்ளே எட்டிப் பாருங்க, கண்ணாடிக் கப் இருந்தா நுழைஞ்சுடுங்க. கோலி சோடா குடிச்சா, "அந்தக் கோலியை எடுத்துத் தாங்கண்ணா"னு மட்டும் கேட்காதீங்க. பாட்டிலை உடைச்சாத்தான் அது வெளியே வரும்!