விரல் காட்டிய வழி

பார்வையற்ற மாணவர் விடுதிக்கு நிதி திரட்டும் பொருட்டு, மோட்டார்ப் பிரியர்களான நண்பர்கள் 12 வண்டிகளைத் திருவான்மியூரில் சேர்த்திருந்தனர். மாமல்லபுரம் வரை பிரயாணம். வேகத்துக்குப் பரிசில்லை, குறித்த நேரத்துக்கு முந்தினாலும் பிந்தினாலும் அபராதம். வழிக்குறிப்போ பிரெயில் எழுத்தில், பக்கத்தில் அமர்ந்த மாணவன் மடியில்! புள்ளிகளை விரலால் தடவி அவன் சொல்ல, நாம் ஓட்டவேண்டும். இதற்குப் போலீஸ் அனுமதி பெற்றது தனிப் புராணம்.

முட்டுக்காட்டில் உப்பங்கழியின் காற்று முகத்தில் அடித்ததும், "பாலம் வந்துவிட்டது, ஐயா" என்றான். கோவளத்தில், "இடப்புறம்" என்றான். பழகிய சாலையென்ற இறுமாப்பில் நேரே விட்டோம். நேரம் குறிக்கும் சாவடியோ கடற்கரைப் பக்கம் இருந்தது. திரும்பி வந்ததில் 11 நிமிஷம் போயிற்று.

மாமல்லபுரத்தில் நடுவர் காரணம் கேட்டார். "என் விரல் தவறிவிட்டது" என்று அவன் முந்திக்கொண்டான். நாம் மறுத்துச் சொல்வதற்குள் அபராதப் புள்ளிகள் ஏறிவிட்டன.